கைக்கு அடக்கமாய் ஒரு கத்தி

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரிட்டயர் ஆகி என்னப்பா செய்யறே?" என்று நம் செயலாளர் போனில் கேட்டார். அவர் என் வகுப்புத் தோழர். "முடிஞ்சா காட்டுல நடக்கறேன், முடியாட்டா வீட்டுல கத்தி தீட்டறேன்" என்றேன். "அப்போ கத்தியைப் பத்தியே பேசிடு" என்று 10 நிமிஷம் ஒதுக்கிவிட்டார்.

உலோகவியல் படித்துவிட்டு ஸ்வீடனில் எஃகுத் தொழிலில் 11 ஆண்டுகள் இருந்தவன் நான். விடுமுறை நாட்களில் அங்குள்ள காடுகளில் நடப்பேன். இப்போது நம்மில் பலருடைய பிள்ளைகள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். கூடாரமும் கையுமாகக் காட்டுக்குப் போகிறார்கள். கடைக்குப் போய், சினிமா நாயகன் வைத்திருப்பது மாதிரி அரை கிலோ கத்தி வாங்கி வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லத்தான் இந்த உரை.

முதலில், காட்டிலே கத்திக்கு என்ன வேலை? கயிறு அறுக்க, ரொட்டியும் மீனும் நறுக்க, கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவ, காய்ந்த குச்சியைச் சுருள் சுருளாகச் சீவி அடுப்பு பற்றவைக்க. அவ்வளவுதான். மரம் வெட்டுவது கோடரியின் வேலை. ஸ்வீடனில் யாருடைய காட்டிலும் நடக்கலாம், ஓர் இரவு தங்கலாம் என்று பொதுமக்களுக்கு ஓர் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு பச்சை மரத்தில் ஒரு கிளையை ஒடிக்க முடியாது. கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். கோடை வறட்சியில் தீ மூட்டவே தடை போட்டுவிடுவார்கள். ஆக, பெரிய கத்திக்கு அங்கேயே வேலை கிடையாது.

மடக்குக் கத்தி போதாதா என்று கேட்பீர்கள். சட்டைப் பையில் அடங்கும், நல்லதுதான். ஆனால் அதன் மூட்டில் மண்ணும் பிசினும் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். பூட்டு சரியாக விழாமல் அழுத்தும்போது மடங்கினால், நடுவில் மாட்டுவது நம் விரல். எனவே காட்டு வேலைக்கு மடங்காத கத்திதான் நல்லது, அதற்கு ஒரு நல்ல உறையும் வேண்டும்.

இனி எடை. இங்கேதான் நம்ம வகுப்புக் கணக்கு உதவுகிறது. எஃகு ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 7.8 கிராம். அலகு 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், இரண்டரை மி.மீ. கனம் என்றால் சுமார் 39 கிராம். கூர்ப்பக்கம் சீவியதைக் கழித்தால் இன்னும் குறையும். அதையே 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் என்று ஆக்குங்கள். சுமார் 175 கிராம்! பிடியும் உறையும் இன்னும் சேரவில்லை. கனமான அலகு ஆப்பிளை நறுக்காது, ஆப்பு வைத்த மாதிரி பிளக்கும். சுமையும் கூடி, வேலையும் கெட்டால் என்ன லாபம்?

எடை பிடிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அலகிலிருந்து பிடிக்குள்ளே போகும் எஃகு நாக்கு, கடைசி வரை முழு அகலத்தில் போனால் பலம் அதிகம், எடையும் அதிகம். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பவருக்கு அது தேவை. சீவவும் நறுக்கவும் மட்டும் என்றால், முக்கால்வாசி போகும் குறுகிய நாக்கே தாராளம். சில கத்திகளில் எடை குறைக்க வெறும் எஃகுச் சட்டத்தில் கயிறு சுற்றிப் பிடி என்று விற்கிறார்கள். அரை மணி நேரம் சீவினால் கை நோகும். குளிரில் எஃகு பட்டால் விரல் விறைக்கும். பிடியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நான் கண்ட நல்ல உதாரணம் மோரா கத்தி. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா ஓர் ஊர். பக்கத்தில் ஓஸ்ட்நோர் என்ற கிராமம். அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலை பார்த்துத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர், 1891-ல் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யத் தொடங்கினார். பட்டறைக்குக் கத்தி தேவைப்பட்டதால் அதையும் செய்தார்கள். கடைசியில் கத்திதான் நிலைத்தது. அதில் கம்பெனியன் என்ற சாதாரண ரகம், 10 செ.மீ. அலகு, இரண்டரை மி.மீ. கனம், எடை சுமார் 85 கிராம். தச்சரும் மீனவரும் வைத்திருக்கும் விலை மலிவான கத்தி அது. கனடாவில் காட்டு வாழ்க்கைக் கலையைப் பல்லாண்டு கற்பித்து 2019-ல் மறைந்த மோர்ஸ் கொச்சான்ஸ்கியும் இவ்வகைக் கத்தியையே பரிந்துரைத்தார். அலகின் நீளம் நம் உள்ளங்கை அகலம் போதும் என்பது அவர் கணக்கு.

எஃகு எது? நம் வீட்டு அரிவாள்மணையை நினைத்துக்கொள்ளுங்கள். புளியோ எலுமிச்சையோ பட்டால் கறுக்கும், ஈரத்தில் விட்டால் துரு பிடிக்கும், ஆனால் சட்டென்று கூர் ஏறும். அது கார்பன் எஃகு. துருப்பிடிக்காத ரகத்தில் 12சி27 என்ற ஸ்வீடன் எஃகு பிரபலம். கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். மழையில் நடப்பவருக்கும், துடைத்து எண்ணெய் போடச் சோம்பல்படுபவருக்கும் இதுவே சுகம். மோரா கத்தியின் சரிவு ஒரே தட்டையாக கூர் வரை போகும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கோணம் தானே அமையும். புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு இதைவிட எளிது வேறில்லை.

இப்போது முக்கியமான விஷயம். என்னோடு வேலை பார்த்த ஓர் இளைஞர் பெரிய கத்தி ஒன்றை ஆசையாக வாங்கினார். நாள் முழுக்க நடந்த களைப்பு, மங்கிய வெளிச்சம். இடது கையில் குச்சியைப் பிடித்துத் தன் பக்கமாகச் சீவினார். கனமான கத்தி குச்சியைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கார் நின்ற இடம் இரண்டு மணி நேர நடை. தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்தும், அவருடைய ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கவேயில்லை. அவர் கிடார் வாசிப்பவர்.

அதனால் மூன்று விஷயம். கை நீட்டும் தூரத்தில் ஆள் இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். உடம்புக்கு வெளிப்பக்கமாகவே சீவுங்கள். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவாதீர்கள், அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வேலை முடிந்த மறு விநாடி கத்தி உறைக்குள் போக வேண்டும். உறையைத் தலைகீழாக ஆட்டினாலும் கத்தி விழக்கூடாது. வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சட்டமும் உண்டு. ஸ்வீடனில் பொது இடத்தில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது குற்றம். காடு போகும் வழியில் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். நம் ஊருக்குக் கொண்டு வந்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லிலேயே கத்தியையும் சேர்த்திருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழைய முடியாது. "சின்னக் கத்திதானே சார்" என்றால் வனக்காவலர் விடமாட்டார், விடவும் கூடாது.

ஆகவே, பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: உள்ளங்கை அகல அலகு, மெல்லிய முதுகு, கை நிறையும் பிடி, கவ்விப் பிடிக்கும் உறை, நூற்றுச் சொச்சம் கிராம். மிச்சமாகும் கால் கிலோவுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.