சுருதியை யார் வைப்பது?

தோழர்களே, பெண்கள் சேர்ந்து பாட ஒரு நடவுப் பாட்டை எடுத்தால் முதலில் சுருதியை ஏற்றிவிடுகிறோம். கனத்த குரல்காரர் பின்வரிசைக்குப் போவார். நானும் செய்திருக்கிறேன். வயலில் பாடிப் பழகிய ஓர் அக்காவிடம், "கொஞ்சம் இனிமையா பாடுங்கக்கா" என்றேன். இனிமையை என் காதுக்குச் சொல்லிக்கொடுத்தது சபா மேடை, சேரி அல்ல. அடுத்த ஒத்திகைக்கு அக்கா வரவில்லை.

1973இல் வாஷிங்டனில் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் குழு 'ஸ்வீட் ஹனி இன் த ராக்'. குரல்கள், கைத்தட்டல், சில கைவாத்தியங்கள், அவ்வளவுதான். தேவாலயப் பாட்டும் பாடினார்கள், ஸ்டீவ் பிகோவைப் பற்றியும் பாடினார்கள். வழக்கமாக ஆண்களுக்கு ஒதுக்கும் பேஸ் பகுதியை அங்கே பாடியவர் இசாயே பார்ன்வெல். கேட்டுப் பாருங்கள், மற்றக் குரல்கள் அந்தக் கீழ்க்குரலின் மேல்தான் நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். வருவாரா, தெரியாது. வந்தால் சுருதியை அவர் வைக்கட்டும்.