சனிக்கிழமைச் சீட்டுக் கச்சேரி
(கூடுகை விழாவில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுப்பா" என்றார் செயலாளர். "சார், என் பொழுதுபோக்கு போக்கர்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பார்த்துப் பேசு" என்றார். பார்த்தே பேசுகிறேன்.

நம் விடுதிக்குச் சீட்டு புதிதல்ல. மாஹே நண்பர்கள் இருபத்தெட்டு ஆடுவார்கள், நம்மூர்க்காரர்கள் ரம்மி. கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டாலே பக்கத்து அறைக் கதவு திறக்கும். ஆடுதன், டைமண்டு, கிளாவர், இஸ்பேடு என்ற நாலு சின்னங்களின் வடிவமே பிரெஞ்சுக்காரர்கள் தந்ததுதான். 'போக்' என்ற பழைய பிரெஞ்சு ஆட்டமே போக்கருக்கு மூதாதை என்று சொல்வதுண்டு. புதுச்சேரிக்காரனுக்கு இது ஒரு வகையில் தூரத்து உறவு. (பெத்தாங் ஆடும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆட்டம் நெருங்கிய உறவு!)

ரம்மியில் என் கவனமெல்லாம் என் கைச்சீட்டில்தான். போக்கரில் அப்படி இல்லை. நாங்கள் ஆடுவது டெக்ஸாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. கையில் ஒன்றுமே இல்லாமல், உதார் விட்டே ஜெயிக்கலாம். எதிரில் இருப்பவர் விடுவது உதாரா, நிஜமா என்று கண்டுபிடிப்பதில்தான் சுவை. பத்து வருஷம் பழகிய நண்பனை அந்த மேஜையில்தான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். சிலருக்குக் கையில் வந்த சீட்டைக் கீழே வைக்க மனசே வராது. வீட்டிலும் அப்படித்தானாம், அவர் மனைவி சொன்னார்!

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். பம்ப்பில் அதிர்வு கூடுகிறது. இன்றே நிறுத்துவதா, ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டுவதா? பாதித் தகவல்தான் கையில் இருக்கும், ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும். போக்கரும் அதேதான். மேஜையில் 200 சில்லு இருக்கிறது, எதிராளி 100 வைக்கிறார் என்று வையுங்கள். 300-க்காக நான் 100 போட வேண்டும். அதாவது நாலில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் கட்டும். எனக்கு வேண்டியதோ இன்னொரு ஆடுதன். பார்க்காத 46 சீட்டில் 9 ஆடுதன், ஐந்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. மடக்கிவிட வேண்டியதுதான். அடுத்த சீட்டு ஆடுதனாகவே வந்து விழுந்தாலும் மடக்கியது சரிதான். இதை மனசு ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கையில் இரண்டு ஆஸ், எதிராளிக்கு இரண்டு ராஜா. அப்போதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை ராஜாதான் ஜெயிக்கும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நம் ஆபீஸ் மீட்டிங்குகளில் மட்டும் இந்தக் கணக்கு யாருக்கும் புரிவதில்லை!

கணினித் துறைத் தம்பிகளுக்கு ஒரு தகவல். சதுரங்க உலக சாம்பியனைக் கணினி 1997-இலேயே வென்றுவிட்டது. போக்கரில் தலைசிறந்த நாலு பேரை 'லிப்ராடஸ்' வென்றது 2017-இல்தான், 20 நாள் ஆடி. மறைந்த சீட்டு என்பது அவ்வளவு கஷ்டம்.

இனி, செயலாளர் பயந்த விஷயம். தருமர் கதை நமக்குத் தெரியும். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் போனில் ரம்மி ஆடியே சம்பளம், நகைக்கடன், தங்கை கல்யாணப் பணம் எல்லாவற்றையும் விட்டார். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. போனில் ஆடும்போது எதிரே முகம் கிடையாது, "போதும்டா, எழுந்திரு" என்று சொல்ல ஆளும் கிடையாது. போக்கர் சூதாட்டமே என்றது குஜராத் உயர் நீதிமன்றம், 2017-இல். திறமை ஆட்டம் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2023-இல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. திறமை ஆட்டம் என்று நம்புகிற நானே அந்தத் தடையை வரவேற்கிறேன். நண்பர் தோற்றது திறமை இல்லாமல் அல்ல, நிறுத்த முடியாமல்தான்.

"காசு இல்லாம ஆடினா உதாருக்கு என்ன மதிப்பு?" என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். ஆளுக்கு 1500 பிளாஸ்டிக் சில்லு. தீர்ந்தால் வெளியே, கடன் கிடையாது, மறுபடி வாங்கவும் முடியாது. கட்டாயப் பந்தயம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், அதனால் பத்தரைக்கு ஆட்டம் முடிந்துவிடும். முதலில் வெளியேறுபவர் எல்லோருடைய காபி டம்ளரையும் கழுவ வேண்டும். நம்புங்கள், நாற்பதை நெருங்குகிற மேனேஜர்கள் எட்டு டம்ளருக்குப் பயந்து வியர்த்துப் போகிறார்கள்!

இந்தச் சனிக்கிழமை ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. செயலாளர் சார், வர்றீங்களா?