எண் பூட்டா, மூன்று சாவியா?

(தளவானூர் உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



"குழுப் பெட்டிக்கு எண் பூட்டு வாங்கிட்டா சாவி தொலையற தொல்லையே இல்லையே?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். சேமிப்பை வங்கியில் கட்டும்வரை அந்தப் பணம் பெட்டியில்தானே இருக்கிறது!

எண் பூட்டு இன்று நேற்று வந்ததல்ல. 1200-ஆம் ஆண்டு வாக்கில் இஸ்பஹானைச் சேர்ந்த முகமது பின் ஹமீது என்ற கைவினைஞர் பித்தளையில் ஒரு பெட்டி செய்தார். மூடியில் நான்கு வட்டங்கள். அவற்றைச் சரியான எழுத்துகளுக்கு நேராகத் திருப்பினால்தான் திறக்கும். அந்தப் பெட்டி இன்றும் டென்மார்க்கில், கோபன்ஹேகன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இப்போது கடையில் கிடைக்கும் எண் பூட்டுக்கு வருவோம். மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி வைத்தாலும் 50 நிமிஷத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் போதும்! நான்கு சக்கரம் என்றால் பத்தாயிரம் எண்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

திண்டுக்கல் பூட்டு வேறு மாதிரி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற, கையால் செய்கிற பூட்டு அது. உள்ளே பல நெம்புத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. திறக்கும்போது மணி அடிக்கிற பூட்டுகூட அங்கே செய்கிறார்கள். மாமியார் வீட்டுக்கு ஏற்ற பூட்டு என்று சிரிக்காதீர்கள், குழுவுக்கும் ஏற்றதுதான்!

எங்களைக் கேட்டால் குழுப் பெட்டிக்குச் சாவிதான் நல்லது. சாவி தொலைந்தால் உடனே தெரியும், பூட்டை மாத்திடலாம். எண் வெளியே போனால் யாருக்குமே தெரியாது. பணம் குறைந்த பிறகுதான் தெரியும். அப்புறம் ஊக்குநர் மேல் பிரதிநிதிக்குச் சந்தேகம், பிரதிநிதி மேல் எல்லாருக்கும் சந்தேகம்... பணத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் 1991-இல் கேர் நிறுவனம் தொடங்கிவைத்த பெண்கள் சேமிப்புக் குழு முறை பல நாடுகளுக்குப் பரவியது. அந்தக் குழுக்களில் ஒரு பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று உறுப்பினர்களிடம், பெட்டி வேறொருவர் வீட்டில். நம்ம தளவானூர் மகேந்திரவர்மன் குகைக் கோயில் வாசலிலும் துவாரபாலகர் ஒருத்தரா நிற்கிறார்?

ஏற்கெனவே எண் பூட்டு வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். கூடவே ஒரு சாவிப் பூட்டும் போடுங்கள். பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் எண்ணை மாற்றுங்கள். மாற்றியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள், எண்ணை எழுதாதீர்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணும் அப்படித்தான், பாஸ்புக் அட்டையில் எழுதி வைக்கிறது வேண்டவே வேண்டாம்.

சாவி வைத்திருக்கிறவங்க தாய் வீட்டுக்குப் போகணும்னா? கிளம்பும் முன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.