பதினான்கு அணிகளில் ஒரு தொழிலாளி



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களை ஏமாற்றும் ஆங்கிலச் சொற்களுள் ‘ஜர்னிமேன்’ என்பதும் ஒன்று. பிரயாணத்தைக் குறிக்கும் சொல் அதில் தலைகாட்டுவதால், ஊர் ஊராகத் திரிபவன் என்று பொருள் கொள்ளத் தோன்றும். உண்மையில் அதன் வேர், நாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகும். தொழிலை முறையாகக் கற்று முடித்தும், சொந்தப் பட்டறை இன்றிப் பிறரிடம் நாட்கூலிக்கு உழைக்கும் தேர்ந்த தொழிலாளியையே அது முதலில் குறித்தது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிந்து வாழ்ந்த எட்வின் ஜாக்சன் என்பவரே அவர்.

ஜாக்சன் 1983-ஆம் ஆண்டு, மேற்கு ஜெர்மனியில் பணிபுரிந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மகனாக அந்நாட்டிலேயே பிறந்தார். 2001-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2003 செப்டம்பர் 9-ஆம் நாள், தமது இருபதாவது பிறந்த நாளன்று, அவர் தேசிய அரங்கில் முதன்முறையாகக் களமிறங்கினார். எதிரணியில் பந்தெறிந்தவர் பெரும் புகழ் பெற்ற ராண்டி ஜான்சன். அன்று வென்றவர் இளைஞரே. ஆயினும் அந்த முதல் நாள் தந்த நம்பிக்கை விரைவில் பலிக்கவில்லை. 2006-இல் அவர் டாம்பா பே அணிக்கு அனுப்பப்பட்டார். அதிலிருந்து பெட்டி கட்டுவதே அவர் வாழ்க்கையாயிற்று.

பேஸ்பாலில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, தரையில் பட்டு எழாதவாறு பந்தை எறிகிறார். குறித்த எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகள் சென்று, மட்டையாளர் அவற்றை அடிக்காது விட்டுவிட்டால், அவர் முதல் தளத்திற்கு இலவசமாகச் சென்றுவிடலாம். ஜாக்சனின் கையில் வேகத்திற்குக் குறைவில்லை. பந்து நினைத்த இடத்திற்குச் செல்வதுதான் எப்போதும் உறுதியன்று.

2010 ஜூன் 25-ஆம் நாள் ஆட்டம் இதற்குச் சிறந்த சான்று. அப்போது அரிசோனா அணியில் இருந்த அவர், தமது பழைய டாம்பா பே அணியை எதிர்த்து ஆடினார். முதல் மூன்று சுற்றுகளுக்குள் ஏழு பேரை இலவசமாகத் தளமேற விட்டார். ஆனால் ஆட்டம் முடியும்வரை எதிரணியில் ஒருவராலும் அவர் பந்தை அடித்துத் தளமேற இயலவில்லை. அந்த அரிய சாதனைக்கு அவர் எறிந்த பந்துகள் 149. நூறைத் தாண்டினாலே கைக்கு ஓய்வு தரும் காலம் அது. இத்தகைய சாதனையைப் பெரும் புகழாளர் பலரும் தம் வாழ்நாளில் கண்டதில்லை.

ஐந்து வாரங்கள் கழிந்தன. ஜூலை 30-ஆம் நாள் அரிசோனா அணி அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், ஒரே நாளில் அவர் இருமுறை கைமாறினார்: சிகாகோவிலிருந்து டொராண்டோவுக்கும், அங்கிருந்து செயின்ட் லூயிசுக்கும். டொராண்டோவின் சட்டையை அவர் அணியவே இல்லை. அந்த 2011-இலேயே செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது, ஜாக்சனும் வெற்றியாளரானார்.

இம்மாற்றங்களுக்கு ஆட்டக்காரரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவருக்கு மாற்றலை மறுக்கும் உரிமை உண்டு. பத்தாண்டு அனுபவம் ஜாக்சனுக்கு வாய்த்தது. ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்தாண்டு வாய்க்கவில்லை. அடிக்கடி மாற்றப்படுபவனே மாற்றலை மறுக்க இயலாதவன் என்பது அவ்விதியின் விசித்திரம். மாற்றல் உத்தரவின் சுவையை அறிந்த நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2019-இல் டொராண்டோ அணி அவரை மீண்டும் பெற்றது. இம்முறை சட்டையை அணிந்தார். அது அவர் ஆடிய பதினான்காவது அணி. அதுவரை வேறெவரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. 2025-இல் ரிச் ஹில் என்ற பந்தெறிபவர் அந்த எண்ணிக்கையைச் சமன் செய்தார்.

ஜாக்சன் பெற்ற வெற்றிகள் 107, தோல்விகள் 133. கணக்கு மட்டும் பார்ப்பவர், இவரை ஏன் இத்தனை அணிகள் விரும்பின என்று வியக்கக்கூடும். விடை எளியது. 2007 முதல் 2013 வரை ஏழாண்டுகளும், ஆண்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை அவர் தொடங்கி வைத்தார். நேற்றுத் தோற்றவர் தம் முறை வந்ததும் மீண்டும் மேட்டில் ஏறி நின்றார். ஒப்பற்ற வீரர் ஓர் அணிக்கு ஒருவரோ இருவரோ கிடைப்பர். நீண்ட ஆட்டப் பருவத்தின் எஞ்சிய நாட்களைச் சுமப்பதற்கு இத்தகையோரே வேண்டும்.

டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியுடன் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஜாக்சன், 2022-இல் ஓய்வை அறிவித்தார். எந்த நகரமும் அவரைத் தன் மகன் என்று தனி உரிமை கொண்டாடியதில்லை. ஆயினும் பதினான்கு அணிகளில் அவரிடம் பந்தை நம்பிக் கொடுத்தார்கள். நிலைத்த ஊர் இல்லாத தொழிலாளிக்கு அந்த நம்பிக்கையே சொத்து. அதை அவர் ஒவ்வோர் ஊரிலும் புதிதாகவே சம்பாதிக்க வேண்டியிருந்தது.