சொன்ன நாளில் வந்து நிற்பது

(பொன்விழாக் கூட்டத்தில் இளையர் பிரிவின் நடமாடும் சைக்கிள் பழுதுபார்ப்புக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். சிலர் கடை வைத்திருக்கிறோம், சிலர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். சைக்கிள் பழுதுபார்ப்பது எங்களில் யாருக்கும் தொழில் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கியவர்கள் ஆயிற்றே, இது ஒரு பெரிய வேலையா என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதையும், எங்களால் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

ஒரு ரமலான் மாதத்தில் துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றுக்கு நோன்புக் கஞ்சி கொண்டு போனோம். வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. பலவற்றில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசியது. சிலவற்றில் பிரேக்கே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து லாரிகளுக்கு நடுவே அந்தச் சைக்கிளில்தான் அவர்கள் அறைக்குத் திரும்புகிறார்கள். பழுதுபார்க்கும் கடை தொலைவில் இருக்கிறது. அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் கடை திறந்திருப்பதில்லை. அவர்கள் கடைக்குப் போக முடியாவிட்டால் கடை அவர்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

வார நாட்களில் அரிசியும் மசாலாவும் ஏற்றும் வேன் ஞாயிற்றுக்கிழமை பட்டறையாக மாறியது. சைக்கிளைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு, நின்றபடி அடிக்கும் பம்பு, சக்கர நட்டுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, தரையில் எண்ணெய் படாமல் விரிக்க அட்டைப்பெட்டி. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். இடத்துக்கு விடுதி நிர்வாகத்திடம் முதலிலேயே அனுமதி வாங்கினோம்.

இலவசமாகச் செய்தால் சைக்கிள் கடைக்காரர் பிழைப்பு கெடுமே என்ற கவலை வியாபாரிகளான எங்களுக்கு இருந்தது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்ப் பேசினோம். சாமான் எல்லாம் அவர் கடையில் வாங்குவது, கோணிய சக்கரத்தை நிமிர்த்துவது போன்ற பெரிய வேலைகளை அவருக்கே அனுப்புவது, கூலி இல்லை, சாமானுக்கு வாங்கிய விலை மட்டும் என்று பேசி முடித்தோம். அவரே எங்களுக்கு வேலையும் கற்றுக்கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த மாசமும் வருவீங்களா தம்பி?"

"இன்ஷா அல்லாஹ், கண்டிப்பா வருவோம் மாமா" என்றோம்.

முதல் நாளே பாடம் கிடைத்தது. 26 அங்குல டயர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம். மலைச் சைக்கிளின் 26 அங்குல ரிம் 559 மில்லிமீட்டர். கூடை வைத்த பழைய சைக்கிளில் 26 அங்குலம், ஒன்றே முக்கால் பட்டை என்று எண்ணிக் கொண்டுபோனால், அது ஒன்று மூன்றெட்டு. ரிம் 590 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பஞ்சர் ஒட்டும்போது பசை காயும்வரை பொறுக்காமல் ஒட்டினோம். பாதி ஒட்டு அன்று மாலையே பிரிந்துவிட்டது. பொறுமையும் ஒரு கருவிதான் என்று மாமா சிரித்தார்.

இனி அந்தத் தவறு. நான்காம் மாதம் இராமநாதபுரம் பக்கத்துச் சகோதரர் ஒருவர் சைக்கிளோடு வந்தார். பிரேக் கம்பி இழை இழையாக அறுந்திருந்தது. எங்களிடம் கம்பி தீர்ந்துவிட்டது. "அடுத்த மாசம் மாத்தித் தர்றோம், அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் எங்களில் ஒருவர் வீட்டில் கல்யாணம். வேனுக்கும் வேறு வேலை வந்துவிட்டது. நாங்கள் போகவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. அவர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். அந்த வாரமே ஓர் இறக்கத்தில் கம்பி அறுந்து விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பார்க்கப் போனோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் முதலில் பேசினார். "பரவாயில்ல பாய், நீங்க சும்மா செய்ற வேலைதானே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். கடையில் காசு கொடுத்தவர் சரக்கு சரியில்லை என்றால் சண்டை போடுவார். இலவசமாக வாங்கியவர் எதைச் சொல்லிச் சண்டை போடுவார்? கேள்வி கேட்க அவருக்கு வழியில்லை என்பதால், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாமா கேட்ட கேள்வியின் பொருள் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அதன் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். நான்கு நான்கு பேராக இரண்டு அணி; ஓர் அணிக்கு முடியாவிட்டால் மற்றது போகும். அடுத்து வரும் தேதியை ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு சைக்கிளிலும் கட்டிவிடுகிறோம். மூன்றாவது, பிரேக் சரியில்லாத சைக்கிளை அப்படியே திருப்பி அனுப்புவதில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அது அந்தச் சகோதரரின் மணிக்கட்டு.

இங்கே உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் சைக்கிளை எடுக்கும் முன் டயரை அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் ஆகாது.

நம் முன்னோர் தொடங்கிய சங்கம் ஐம்பது ஆண்டு நிற்கிறது. யாரோ சிலர் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்து கதவைத் திறந்ததால்தான் நிற்கிறது. நன்கொடை தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதைவிட, மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குத் தரக்கூடிய நான்கு பேர் வேண்டும். வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, மாமா கற்றுக்கொடுப்பார். வருகிறேன் என்றால் வர வேண்டும், அவ்வளவுதான்.

கை குணமான அந்தச் சகோதரர் இப்போது எங்களுக்கு முன்பே வந்து அட்டைப்பெட்டியை விரித்து வைக்கிறார். அவர் காத்திருப்பார் என்பதற்காகவே நாங்கள் நேரத்துக்குப் போகிறோம்.