பிசுக்குத் தொட்டியும் உணர்கோலும்

உணவுவிடுதிகளிலே நாடோறும் கழுவப்படும் சட்டிகளிலும் தட்டுகளிலும் இருந்து எண்ணெயும் கொழுப்பும் கானை நோக்கிச் செல்கின்றன. சூட்டோடு ஓடும் கொழுப்பு, நிலத்தின் கீழுள்ள குழாயிற் குளிர்ந்ததும் உறைந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டனின் வைற்சப்பல் பகுதியில், கழிவுநீர்க் குழாயொன்றினுள் ஏறத்தாழ 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் கொண்ட கொழுப்புத் திரள் காணப்பட்டது. அதனை உடைத்து அகற்றத் தொழிலாளர் வாரக்கணக்காக உழைத்தனர்.

இத்தகைய அடைப்பைத் தடுக்கவே சமையலறைக்கும் கானுக்கும் இடையிற் பிசுக்குத் தொட்டி அமைக்கப்படுகிறது. அதனுள் நீரோட்டம் தணிய, இலேசான கொழுப்பு மேலே மிதக்கும். சோற்றுப் பருக்கை முதலியவை அடியில் மண்டியாகத் தங்கும். இடைப்பட்ட நீர் மாத்திரம் வெளியேறும். கொழுப்பும் மண்டியும் சேர்ந்து திரவ ஆழத்தின் நாலிலொரு பங்கை எட்டியதும் தொட்டியைத் துப்புரவு செய்யவேண்டும் என்பது பல நகரங்களில் உள்ள விதி.

மூடிய தொட்டியின் உள்நிலையை அறிவதற்கு ஏற்பட்டதே உணர்கோல். அதன் நெடுகிலும் உலோக வளையங்கள் உள்ளன. ஒவ்வொரு வளையமும் தன்னைச் சூழ்ந்த பொருளின் மின்னியல்பை அளக்கிறது. மின்னுழைய மாறிலி எனப்படும் அவ்வியல்பு காற்றுக்கு 1. எண்ணெய்க்கு ஏறத்தாழ 3. நீருக்கோ 80 அளவில். இவ்வேறுபாட்டினாற் கருவி எல்லைகளைக் காண்கிறது. எனினும் எந்த அளவு எந்தப் பொருளுக்குரியது என்பதை நாமே அதற்குக் கற்பித்தல் வேண்டும்.

கோலைச் செங்குத்தாகத் தொங்கவிடுக. சுவரையும் தடுப்புப் பலகையையும் அது தொடலாகாது. நீர் வந்து விழும் வாயிலிருந்தும் விலகி நிற்கவேண்டும். தொட்டி கழுவப்பட்ட அன்று, முதலிற் காற்றில் அதன் அளவைப் பதிக. பின்னர் வெளியேறும் குழாயின் மட்டம்வரை நல்ல நீர் நிரப்பி நீரின் அளவைப் பதிக. மூன்றாவதாக, அதே சமையலறையின் கொழுப்பை ஆழமான பிளாத்திக்குக் கலமொன்றில் இட்டு, கோலை அதில் அமிழ்த்தி அளவெடுக்க.

அதே சமையலறையின் கொழுப்பு எதற்கு? தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகுவது. கொழும்பிலே பெரும்பாலும் திரவமாக நிற்கும் அவ்வெண்ணெய், நுவரெலியாவின் குளிரிற் கட்டியாகிவிடும். மாட்டுக் கொழுப்போ கொழும்பிலும் உறையும். ஓரிடத்திற் பதித்த அளவை மற்றோரிடத்தில் அப்படியே நம்புதல் தகாது.

அடுத்து, எச்சரிக்கை மட்டம். திரவ ஆழம் 100 சென்ரிமீற்றர் எனின், நாலிலொரு பங்கு 25. நீர் செறிந்த மண்டியை இவ்வகைக் கோல் நீரென்றே கொள்ளக்கூடும். ஆதலால் மண்டியைத் தடியொன்றினால் அளந்து கழிக்கவேண்டும். மண்டி 10 சென்ரிமீற்றர் இருந்தால், கொழுப்பு 15 சென்ரிமீற்றரை எட்டும்போதே மணி ஒலிக்கவேண்டும்.

இனி, சோதனை. இருமுனையும் திறந்த கண்ணாடி போன்ற குழாயை மேலிருந்து இறக்கி, அடிமுனையை அடைத்துத் தூக்கினால், கொழுப்பும் நீரும் மண்டியும் படைபடையாகத் தெரியும். அந்த அளவும் கருவியின் அளவும் ஒத்திராவிடின், கோலைத் துடைத்து மீண்டும் அளவு பதிக. நீர் இறங்கும்போது கோலில் ஒட்டி எஞ்சும் பிசுக்கு, இல்லாத கொழுப்பை இருப்பதாகக் காட்டும். கோலைத் தவறாது துடைத்துவருதலே அதற்கு மாற்று.

இவ்வளவு கவனம் எதற்கென்று சிலர் வினவலாம். அழுகும் மண்டியிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு எழுகிறது. அது செறிந்த இடத்தில் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் இல்லையென்று நம்பிக் குழியில் இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் ஒருங்கே மாண்ட துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. பிழையான அளவைக் காட்டும் கருவியினால், நிரம்பிய தொட்டி அடைத்து வழிந்த பின்னர், ஏழைத் தொழிலாளி ஒருவரே அங்கு அனுப்பப்படுகிறார். ஆகையால் மேலே கூறிய வேலைகள் யாவும் வெளியே நின்றே செய்யத்தக்கவை. கோலையும் குழாயையும் மேலிருந்தே இறக்குக. எக்காரணங் கொண்டும் தலையை உள்ளே நீட்டற்க. விடுதி நடத்துவோர் அளவு பதித்த திகதியைத் தொட்டியின் அருகே எழுதிவைப்பாராயின், அடுத்து வரும் தொழிலாளி எதை நம்பலாம் என்பதை அறிவார்.