எழுதுவார் கையில் வாழும் தமிழ்!

(மொழிநலக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழுக்கு உழைத்தோர் என்றவுடன் மறைமலையடிகளும் பாவாணரும் பெருஞ்சித்திரனாரும் நம் நெஞ்சில் எழுகின்றனர். அது முறையே. இன்று நான் பேச வந்திருப்பதோ, மேடை முழக்கத்தால் அன்றி, நாள்தோறும் எழுதிய எழுத்தால் தமிழுக்கு உழைத்த ஒருவரைப் பற்றி. அவர் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தார், அரபு அமீரக நாட்டில் தொழில் புரிந்தவர். இணையத்தில் தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைக் கட்டியெழுப்பியோருள் முன்னின்றவர்.

கலைக்களஞ்சியம் தமிழர்க்குப் புதிதன்று. 1902-இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளை ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். 1910-இல் சிங்காரவேலனாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. அரும்பெரும் உழைப்பின் விளைவுகள் அவை. ஆயினும் பெயர்கள் தமிழல்ல. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகள் வெளியிட்டபோது, பெயரே ‘கலைக்களஞ்சியம்’ என்றாயிற்று. அபிதானம் களஞ்சியமாக மாறிய அந்த அரை நூற்றாண்டில்தான் நம் தனித்தமிழ் இயக்கம் பிறந்து வளர்ந்தது என்பதை மறவாதீர்கள்!

ஆனால், அச்சிட்ட தொகுதிக்கு ஒரு குறையுண்டு. அச்சேறிய அன்றே அது பழையதாகத் தொடங்கிவிடுகிறது. நாடுகள் பெயர் மாறும், அறிவியல் வளரும், தொகுதியோ பேழைக்குள் கிடக்கும். இக்குறையைக் களைய வந்த வழியே, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விக்கி முறை. 2001-இல் ஆங்கிலத்தில் அது தொடங்கிற்று. 2003 செப்டம்பரில் தமிழுக்கும் ஓர் இடம் திறக்கப்பட்டது. திறக்கப்பட்டதேயன்றி, உள்ளே தமிழ் இல்லை! தலைப்பு, பொத்தான், அறிவிப்பு யாவும் ஆங்கிலம். 2003 நவம்பரில் அங்கு நுழைந்த மயூரநாதன் முதலில் செய்த பணி, அந்த இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கியதே. வீட்டில் குடியேறுமுன் கதவும் சாளரமும் பொருத்தும் கட்டடக் கலைஞரின் செயல் அது.

அதன்பின் எழுதத் தொடங்கினார். தொடக்க நாள்களில் பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே எழுதினார். கட்டடக்கலை, மொழி, நாடுகள், யாழ்ப்பாணத்து வரலாறு என அவர் எழுதிய கட்டுரைகள் 4,000-ஐத் தாண்டின. இதற்கு ஊதியம் இல்லை. கட்டுரையின் தலையில் எழுதியவர் பெயரும் இல்லை. இன்று எழுதியதை நாளை வேறொருவர் திருத்தலாம், வெட்டலாம். ‘என் எழுத்து’ என்னும் செருக்கைக் கழற்றி வைத்தவர்க்கே அப்பணி கைகூடும். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவர்க்கு அளித்தது. கதையும் பாட்டும் எழுதுவோர்க்கே உரியது என எண்ணப்பட்ட பெருமை, களஞ்சியம் எழுதியவர்க்கும் கிட்டியது.

அன்பர்களே! இக்கூட்டத்தில் இதை நான் எடுத்துரைப்பதன் கரணியத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாக்கம் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். ஆக்கிய சொல் எங்கே வாழ்கிறது? பட்டியலில் வாழ்வதில்லை, பயன்பாட்டில் வாழ்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ளே நுழைவது ‘புகுபதிகை’, வெளியேறுவது ‘விடுபதிகை’. திருத்துவது ‘தொகுத்தல்’. எழுதிப் பழகும் இடம் ‘மணல்தொட்டி’. அனைவரும் கூடிப் பொதுச் செய்தி பேசும் பக்கத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஆலமரத்தடி’! ஆங்கிலத்தார் தம் ஊர்க் குழாயடியின் பெயரை அதற்கு இட்டனர். நம்மவர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. நம் ஊரில் மக்கள் கூடிப் பேசுமிடம் எது என்று எண்ணிப் பார்த்துப் பெயரிட்டனர். மொழிபெயர்ப்புக்கும் தமிழாக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அந்த ஆலமரத்தடியில் ஈழத்தாரும் தமிழகத்தாரும் அயல்நாட்டுத் தமிழரும் வந்து அமர்ந்தனர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் அறிவியலை நற்றமிழில் எழுதினார். கூடியபின் பூசல் எழாதிருக்குமா? ஈழத்துப் பள்ளி நூல் ‘பௌதிகம்’, ‘இரசாயனம்’ என்றது. தமிழகத்து நூல் ‘இயற்பியல்’, ‘வேதியியல்’ என்றது. ஒரே கனடிய நகரை இங்கே ‘டொராண்டோ’ என்றும் அங்கே ‘ரொறன்ரோ’ என்றும் எழுதினர். பேசிப் பேசியே பல முடிவுகள் எட்டப்பட்டன. இயற்பியலும் வேதியியலும் அங்கே தலைப்பாக நிலைத்தன. ஆணையிட்டார் எவருமில்லை, நல்ல தமிழ்ச்சொல், எழுதுவோரின் ஒப்புதலால் வென்றது.

கிரந்த எழுத்தோ அங்கிருந்து முற்றும் அகலவில்லை. அதுபற்றி நெடிய சொற்போர்கள் நிகழ்ந்தன. வேண்டுவோரும் உளர், விலக்குவோரும் உளர். நம்மில் சிலர் இதைக் காட்டி, ‘அது தூய தமிழ் அன்று, நமக்கு வேண்டா’ என்று ஒதுங்குகின்றனர். நான் அவர்களைக் கேட்கிறேன்: வயலில் களை இருக்கிறதென்று உழவன் வயலை விட்டுப் போவானா? அங்கே வாக்கு எழுதுகின்றவர்க்கே உண்டு. நூறு கட்டுரை நற்றமிழில் எழுதியவர் சொல்லுக்கு உள்ள எடை, வெளியே நின்று ஆயிரம் கண்டனம் தீட்டியவர்க்கு இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1981 மே 31-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மறுபடி கிடைக்காத ஓலைகளும் அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்த அறிவை ஒரு தீக்குச்சி அழித்துவிடும். அதே மண்ணின் மைந்தர் முன்னின்று வளர்த்த களஞ்சியத்தையோ எவரும் படியெடுத்து வைக்கலாம். எங்கும் கொண்டு செல்லலாம். ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்பதன் பொருள் அது. 2017-இல் அதன் கட்டுரைகள் 1,00,000-ஐத் தொட்டன. இன்று 1,50,000-ஐயும் கடந்து நிற்கின்றன.

இன்றைய நிலை இன்னும் கூர்மையானது. கணினிகள் இன்று தாமே மொழிபெயர்க்கின்றன. கேட்டதற்கு விடை எழுதுகின்றன. அவற்றுக்குத் தமிழ் கற்பித்தது யார்? இணையத்தில் எழுதப்பெற்று அவை படித்த தமிழே கற்பித்தது. விக்கிப்பீடியாக் கட்டுரைகளும் அதில் அடங்கும். அங்கே கலப்பை விதைத்தால் கலப்பே முளைக்கும். நற்றமிழை விதைத்தால் நற்றமிழ் முளைக்கும். நம் பேரப் பிள்ளைகள் எந்தச் சொல்லைக் கேட்டு வளர்வார்கள் என்பதை, இன்று எழுதுகின்ற கைகள் முடிவு செய்கின்றன.

ஆதலின், இளைஞர்களே! மருத்துவம் கற்றவர் நோயைப் பற்றி எழுதுங்கள். பொறியாளர் பாலத்தைப் பற்றி எழுதுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஏரின் உறுப்புகளையும் நெல்லின் வகைகளையும் எழுதுங்கள். அச்சொற்கள் எந்த அகரமுதலிக்கும் எட்டாமல் உங்கள் பாட்டன்மார் நாவிலேயே நின்று மறைகின்றன. கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதினால் ஆண்டுக்கு 52 ஆகும். நூறு பேர் எழுதினால் 5,200. மேடை முழக்கம் அன்றிரவே அடங்கும். எழுதிய தமிழ் நிற்கும்.

மயூரநாதன் எவர் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. கதவு திறந்திருக்கக் கண்டார், உள்ளே தமிழ் இல்லாமை கண்டார், அமர்ந்து எழுதினார். அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது.

புகுவோம்! எழுதுவோம்! வாழ்க தமிழ்!